பாமினிக் கோப்புகளும் லினக்ஸும்: ஒரு வீட்டுக் கணினியின் நிகழ்வு ஆய்வு

வீட்டுக் கணினியில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாமா என்று பேச்சு எடுத்தால், எந்த லினக்ஸ் நல்லது என்ற வாதத்திலேயே பொழுது போய்விடும். கும்பகோணத்தில் என் சித்தப்பா வீட்டுக் கணினியை மாற்றியபோது அந்தக் கேள்வி சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. வாரக்கணக்கில் நேரத்தை விழுங்கியது வேறொன்று: இருபது ஆண்டுகளாக அவர் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து அடித்துச் சேர்த்து வைத்திருந்த தமிழ்க் கோப்புகள். 2000-களிலேயே கணினியில் தமிழ் எழுதத் தொடங்கிய பல வீடுகளிலும் இதே சிக்கல் பூட்டிய அலமாரிக்குள் இருக்கிறது. அதனால் நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

வீடும் கணினியும்

சித்தப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சுற்றுவட்டாரக் கோயில்களின் தலவரலாறு, கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், நண்பர்களின் சஷ்டியப்தபூர்த்தி வாழ்த்து மடல் என்று எது அச்சுக்குப் போக வேண்டுமென்றாலும் அவர் வீட்டுக் கணினியில்தான் முதலில் ஏறும். சித்தி குடும்பப் புகைப்படங்களைச் சேர்த்து ஒழுங்குபடுத்துகிறவர். அண்ணி வீட்டிலிருந்தபடியே இரண்டு கடைகளுக்கு டேலியில் கணக்கு எழுதுகிறார். பேத்திக்குப் பள்ளிப் பாடமும் படம் வரைவதும். நால்வருக்கும் ஒரே கணினி.

கடையில் அசெம்பிள் செய்து வாங்கியது. இன்டெல் கோர் ஐ3, நான்காம் தலைமுறை. 4 ஜிபி ராம். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7-உடன் வந்து, பிறகு 10-க்கு ஏற்றப்பட்டது. ஆன் செய்தால் பணிமேடை தெரிந்த பிறகும் டிஸ்க் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். எதையும் சொடுக்க முடியாது.

2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. கணினி அன்றோடு நின்றுவிடவில்லை. ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிடும். வங்கிக் கணக்கைத் திறக்கிற கணினியில் அது சின்ன விஷயம் இல்லை. விண்டோஸ் 11 கேட்பதோ டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும், பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆன இன்டெல் செயலியும். 2013-இல் அறிமுகமான நான்காம் தலைமுறைக்கு அந்தக் கதவு திறக்காது. விண்டோஸின் உள் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டில் திருத்தம் செய்து சோதனையைத் தாண்டி நிறுவும் வழி உண்டு. அப்படி நிறுவிய கணினிக்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை. எழுபதைத் தாண்டிய ஒருவர் வீட்டில் அப்படி ஒன்றை வைத்துவிட்டு வர எனக்கு மனம் ஒப்பவில்லை. விண்டோஸ் 10-க்கான நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் கிடைக்கும். அதை நாங்கள் தீர்வாக எடுத்துக்கொள்ளாமல் அவகாசமாக எடுத்துக்கொண்டோம். நிதானமாக மாற முடிந்ததற்கு அந்த ஓராண்டுதான் காரணம்.

புதுக் கணினி வாங்கலாம் என்றார் அண்ணன். சித்தப்பா கேட்டது ஒன்றுதான்: "புதுசுல என் பைல் எல்லாம் அப்படியே திறக்குமா தம்பி?" திறக்கும், பாமினி எழுத்துருவைப் போட்டால். அந்த 'போட்டால்' என்பதில்தான் அவருடைய இருபது வருட உழைப்பும் தொங்கிக்கொண்டிருந்தது. புது விண்டோஸ் வாங்கினாலும் அந்த ஆபத்து நீங்காது, தள்ளிப்போகும். எப்படியும் கோப்புகளைத் தொடத்தான் போகிறோம் என்றான பிறகு, லினக்ஸுக்குப் போவது இயல்பாகவே முடிவாயிற்று.

யாருக்கு என்ன வேலை

முதலில் ஒரு நோட்டில் நால்வரும் தாங்கள் கணினியில் செய்யும் வேலைகளை எழுதினார்கள். மென்பொருளின் பெயரை எழுதாமல் வேலையை எழுதச் சொன்னேன். "குரோம்" என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. "பென்ஷன் வந்ததா பார்ப்பது" என்று எழுதினால் தெரியும்.

வங்கி, மின்கட்டணம், மின்னஞ்சல், யூடியூப், வீடியோ அழைப்பு எல்லாம் உலாவிக்குள் அடங்குபவை. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஓய்வூதியருக்கான வாழ்வுச் சான்றுக்கு, ஜீவன் பிரமாண் திட்டத்தில், முன்பு விரல்ரேகைக் கருவியை விண்டோஸ் கணினியில் செருகிச் செய்துகொண்டிருந்தார். 2021 நவம்பரிலிருந்து ஆண்ட்ராய்டு போனில் முகத்தைக் காட்டியே அதை முடிக்க முடிகிறது. ஆக அந்த வேலை கணினியை விட்டே போய்விட்டது.

டேலி அப்படி இல்லை. அது விண்டோஸுக்கான மென்பொருள். லினக்ஸில் வைன் என்ற இடைநிலை மென்பொருள் வழியாக ஓட்டிப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் அதை முயலவே இல்லை. அண்ணி எழுதுவது அடுத்தவர் கடைக் கணக்கு. மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்கு குறித்த தேதியில் போயாக வேண்டும். பிறருடைய பிழைப்பு சம்பந்தப்பட்ட வேலையைப் பரிசோதனைக்கு உட்படுத்தக் கூடாது. அண்ணனின் மடிக்கணினியில் விண்டோஸ் 11 இருந்தது. டேலியும் தரவும் அங்கே போயின. வீட்டில் யாராவது ஒருவருக்கு விண்டோஸ் தேவை என்றால் அவருக்கு விண்டோஸ் இருக்கட்டும். மாற்றம் என்பது எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்துவது என்று நினைப்பவர்கள்தான் பாதியில் திரும்பிவிடுகிறார்கள்.

சித்தியின் புகைப்படங்களில் எதிர்பாராத முடிச்சு ஒன்று இருந்தது. அவர் பிக்காசா என்ற கூகுளின் புகைப்பட மென்பொருளில்தான் எல்லாம் செய்வார். கூகுள் அதை 2016-லேயே நிறுத்திவிட்டாலும் நிறுவியிருந்த பிரதி ஓடிக்கொண்டிருந்தது. பிக்காசா ஒரு படத்தை வெட்டினாலும் வெளிச்சம் கூட்டினாலும் மூலப் படத்தைத் தொடாது. என்ன மாற்றம் செய்தோம் என்பதை அதே உறைக்குள் (ஃபோல்டருக்குள்) ஒரு மறைகோப்பில் குறித்துக்கொண்டு, திரையில் மட்டும் மாற்றிக் காட்டும். சேமிக்கும் கட்டளையைத் தனியாகக் கொடுத்தால்தான் மாற்றம் படத்தில் ஏறும். படங்களை மட்டும் நகலெடுத்துக்கொண்டு லினக்ஸுக்கு வந்திருந்தால் சித்தி பல மாலைகளில் உட்கார்ந்து செய்த திருத்தமெல்லாம் காணாமல் போயிருக்கும். விண்டோஸில் இருக்கும்போதே ஒவ்வொரு உறையாகத் திறந்து மாற்றங்களைச் சேமித்துவிட்டுத்தான் படங்களை எடுத்தோம். இப்போது அவர் டிஜிகேம் என்ற புகைப்பட மென்பொருளைப் பயன்படுத்துகிறார்.

பாமினி என்ற கிணறு

பாமினியில் எழுதிய கோப்பு திரையில் தமிழாகத் தெரியும். கணினிக்கு அது தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்த எழுத்துரு அது. 'அம்மா' என்று சித்தப்பா அடித்தால் கோப்பில் சேர்வது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஐந்து குறிகள். எழுத்துருவை எடுத்துவிட்டால் திரையில் அந்த ஐந்துதான் நிற்கும். 'அம்மா' என்று தேடினால் கிடைக்காது. போனில் அனுப்பினால் எதிர்முனையில் குப்பை. இருபது ஆண்டு எழுத்தும் ஒரே ஒரு எழுத்துருக் கோப்பை நம்பி நின்றது.

பழையதைப் பார்க்க மட்டும் வேண்டுமென்றால் லினக்ஸில் வேலை எளிது. பாமினி எழுத்துருக் கோப்பைப் பயனர் எழுத்துரு உறையில் போட்டதும், வேர்டு போன்ற இலவச மென்பொருளான லிப்ரெஆபிஸ் ரைட்டரில் எல்லாம் முன்போலவே திறந்தன. சித்தப்பாவின் முகம் தெளிந்தது. "இதோட விட்டுடலாமே" என்றார். விட்டிருக்கலாம். ஆனால் அவருக்குப் பிறகு இதைத் திறக்கப்போவது யார், அவர்களிடம் அந்த எழுத்துரு இருக்குமா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் எழுந்து போனவர் மறுநாள் ஒரு பட்டியலோடு வந்தார்: எதை முதலில் மாற்ற வேண்டும், எது போனாலும் பரவாயில்லை என்று.

எல்லாக் கணினிகளும் போன்களும் தமிழைத் தமிழாகவே அறியும் பொதுக் குறியாக்கம் யூனிகோடு. அதற்கு மாற்ற இணையத்திலேயே பல மாற்றிகள் உண்டு; ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரல்மொழி நூலகத்திலும் பாமினி உட்படப் பல பழைய குறியாக்கங்களுக்கான மாற்றிகள் இருக்கின்றன. நான் அதைத்தான் அடிப்படையாக வைத்துக்கொண்டேன். உரையை ஒட்டி, பொத்தானை அழுத்தி, எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். இரண்டு பக்கக் கடிதத்துக்கு அது சரி. தலவரலாற்றுக்குச் சரிவராது.

முதல் இடைஞ்சல், கோப்புகளில் ஆங்கிலமும் கலந்திருந்தது. கல்வெட்டு அறிக்கைகளின் எண்கள், நூற்பெயர்கள், முகவரிகள் எல்லாம் வேறு எழுத்துருவில் இருந்தன. மொத்த உரையையும் மாற்றியில் போட்டால் ஆங்கிலச் சொற்களும் அர்த்தமற்ற தமிழாகிவிடும். அதனால் கோப்புகளை முதலில் லிப்ரெஆபிஸின் ஓடிடி கோப்பு வடிவத்துக்கு மாற்றி, அதனுள் எந்தத் துண்டுக்குப் பாமினி எழுத்துரு குறிக்கப்பட்டிருக்கிறதோ அதை மட்டும் மாற்றும்படி ஒரு சிறு நிரல் எழுதினேன்.

இரண்டாவது, கொம்பு. பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிக்க வேண்டும். 'கொ' என்றால் கொம்பு, க, கால். யூனிகோடில் மெய்யெழுத்துக்கு அடுத்துத்தான் உயிர்க்குறி சேமிக்கப்படும். நல்ல மாற்றிகள் இதைச் சரியாகவே மாற்றிப் போடுகின்றன. கொம்புக்கும் எழுத்துக்கும் நடுவில் சித்தப்பா தவறுதலாக இடைவெளி விட்டிருந்த இடங்களில் மட்டும் ஒட்டாமல் நின்றன.

மூன்றாவதுதான் உண்மையான சோதனை. பாமினியில் ஔகாரக் குறியின் வலப்பாதியும் ளகரமும் ஒன்றே. 'கௌரி' என்பதில் வரும் ஔகாரமும் 'வெளி' என்பதில் வரும் கொம்பும் ளகரமும் கோப்பில் ஒரே மாதிரிதான் பதிந்திருக்கும். படிக்கிற மனிதருக்குக் குழப்பம் இல்லை. மாற்றிக்கு எது எது என்று தெரிய வழியே இல்லை. செய்தித் தளங்களில் 'வெளியீடு' என்ற சொல் உடைந்து, ளகரம் சிறுத்து, இகரக் குறி ஒட்டாமல் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இப்படி மாற்றியதன் தழும்பு அது. சொல்லின் தொடக்கத்திலும் இதே கதைதான்: 'ஒளி'யும் 'ஔவை'யும் ஒரே கதவில் நுழைகின்றன.

நாங்கள் கண்ட வழி இது. தமிழில் ஔகாரம் அரிது. ஆகவே எல்லா இடத்திலும் அதைக் கொம்பும் ளகரமுமாகவே மாற்றிவிட்டு, உண்மையில் ஔகாரம் வரவேண்டிய சொற்களைப் பட்டியலிட்டு அவற்றை மட்டும் திருப்பினோம். பட்டியல் போட்டது சித்தப்பா. கௌரி, கௌதமர், மௌனம், பௌர்ணமி, பௌத்தம், சௌந்தரநாயகி, லௌகிகம், ஔவை, ஔடதம் என்று சொல்லிக்கொண்டே போனார். சௌராஷ்டிரர்கள் பெருமளவில் வாழும் ஊர் என்பதால் ஊர் வரலாற்றுக் கோப்புகளில் 'சௌராஷ்டிர' மட்டும் எண்ணற்ற இடங்களில் வந்தது. நிரல் எழுதத் தெரிந்த நான் ஒரு மாதம் உட்கார்ந்தாலும் இந்தப் பட்டியலைப் போட்டிருக்க முடியாது. இலக்கணமும் ஊரும் தெரிந்தவர் ஒரு மாலையில் போட்டுவிட்டார்.

இன்னொன்றும் அகப்பட்டது. வேர்டில் வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் தானியங்கித் திருத்தம் உண்டு. பாமினியில் சின்ன எம் 'அ', பெரிய எம் 'ஆ'. வேர்டுக்கு அது ஆங்கிலமாகத் தெரிந்ததால், 'அரசன்' என்று தொடங்க வேண்டிய வாக்கியங்கள் சில 'ஆரசன்' என்று தொடங்கியிருந்தன. அச்சான மலர்களில்கூட இந்தப் பிழை ஒன்றிரண்டு இடங்களில் தப்பிப் போயிருந்ததைப் பார்த்து சித்தப்பா வருத்தப்பட்டார். பிரஸ்காரர் மீது அதுவரை பழி போட்டுக்கொண்டிருந்தாராம்.

மாற்றிய பின் புரூஃப் பார்க்காமல் எதையும் ஏற்கவில்லை. பேத்தி பழைய அச்சுப் பிரதியை உரக்கப் படிப்பாள். தாத்தா திரையைப் பார்ப்பார். "தாத்தா, இங்க ரெண்டு சுழி 'ன' போட்டிருக்கு, மூணு சுழி 'ண'தானே?" என்று அவள் கண்டுபிடித்தவற்றில் பல, மாற்றத்தால் வந்த பிழைகள் அல்ல, முதலிலிருந்தே இருந்தவை. எல்லாக் கோப்பும் முடியவில்லை. பட்டியலில் மேலே இருந்தவை, அதாவது தலவரலாறுகளும் அவர் எடுத்த வாய்மொழிக் குறிப்புகளும், முடிந்துவிட்டன.

கோப்புகளின் பெயர்களும் அதே பாமினிக் குறிகளில் இருந்ததைச் சொல்ல மறக்கக் கூடாது. உறையைத் திறந்தால் வரிசை வரிசையாக ஆங்கில எழுத்துக் குவியல். எது எந்தக் கோயில் என்று அவருக்கே சில இடங்களில் தெரியவில்லை. பெயர்களையும் அதே மாற்றியின் வழியாகத் தமிழாக்கினோம். லினக்ஸ், விண்டோஸ், ஆண்ட்ராய்டு மூன்றிலும் யூனிகோடு தமிழ்ப் பெயர் சிக்கலின்றி நிற்கிறது.

விரல் பழக்கம்

கோப்புகள் மாறினாலும் கை பழைய இடத்தையே தேடும். விண்டோஸில் என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்ற தமிழ் உள்ளீட்டு மென்பொருள்களால் யூனிகோடில் எழுதியிருந்தால் லினக்ஸில் அதே விசைப்பலகை அமைப்பைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போய்விடலாம். ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியில் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, தட்டச்சு, இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு என எல்லா அமைப்புகளும் வந்துவிடுகின்றன. சித்தப்பா அதுவரை இவற்றில் எதையும் பயன்படுத்தியதில்லை. எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து நேரடியாக அடிப்பார், அவ்வளவுதான்.

தமிழ்99-ஐக் கற்றுக்கொள்ளும்படி நான் வற்புறுத்தவில்லை. தட்டச்சு அமைப்பையும் காட்டினேன், இதையும் காட்டினேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் உருவாகி, தமிழ்நாடு அரசு ஏற்ற அமைப்பு இது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். இலக்கணம் கற்பித்தவருக்கு அந்த ஒழுங்கு உடனே பிடித்துப்போயிற்று.

"கொம்பு எங்கப்பா போச்சு?"

"கொம்பே அடிக்க வேணாம் சித்தப்பா. 'க' அடிச்சிட்டு 'ஒ' அடிங்க, 'கொ' வந்துடும்."

"அப்ப மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய். சரியாத்தான் வச்சிருக்கான்."

'க' இருமுறை அடித்தால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி விழுந்து 'க்க' ஆவதைப் பார்த்ததும் 'அக்கா', 'பக்கம்', 'பட்டம்' என்று அடித்துக்கொண்டே இருந்தார். மகரம் மட்டும் பாமினியிலும் தமிழ்99-லும் ஒரே கட்டையில் இருக்கிறது. மற்றதெல்லாம் புதுசு. முதல் சில வாரங்கள் வேகம் படுத்துவிட்டது. நீளமாக எழுத வேண்டியதைக் கையால் எழுதிவிட்டுப் பிறகு அடித்தார். இந்தத் தாமதத்தை ஏற்றுக்கொள்ளும் மனம் இல்லாதவரிடம் விசைப்பலகையையும் இயங்குதளத்தையும் ஒரே நேரத்தில் மாற்றச் சொல்வது கொடுமை. அவரிடம் அந்த மனம் இருந்தது.

நிறுவியது

லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டின், பழைய கணினிக்கு இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைத் தேர்ந்தெடுத்தோம். 22-ஆம் தொகுப்பு, உபுண்டு 24.04 என்ற மற்றொரு லினக்ஸ் மீது கட்டியது. 2029 வரை திருத்தங்கள் வரும். கீழே பட்டை, இடது மூலையில் பட்டியல் என்று விண்டோஸ் பழகிய கண்ணுக்கு அந்நியமாக இல்லை. மத்திய அரசு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கும் பாஸ் லினக்ஸையும் யோசித்தேன். கடைசியில் முடிவு செய்தது வேறொரு காரணம்: எனக்கு மின்ட் தெரியும். இரவு எட்டு மணிக்கு சித்தி போன் செய்தால் அவர் திரையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே என்னால் சொல்ல முடியும். உதவப்போகிறவருக்கு எது கைவந்ததோ அதுதான் அந்த வீட்டுக்கு ஏற்ற லினக்ஸ் என்பது என் உறுதியான கருத்து.

ஹார்ட் டிஸ்க்கைத் தொடவே இல்லை. 240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்று வாங்கி, பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, எஸ்எஸ்டியில் மட்டும் லினக்ஸை நிறுவினோம். ஒரே டிஸ்க்கில் பிரிவினை போட்டு இரண்டையும் வைப்பதை விட இது நிம்மதி. நிறுவும்போது எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பழையது அழிய வாய்ப்பே இல்லை; பிடிக்கவில்லை என்றால் கேபிளை மாற்றினால் பழைய விண்டோஸ் அப்படியே வரும். பயாஸ் அமைப்பில் பழைய துவக்க முறையை மட்டும் அணைக்காமல் விட்டுவைத்தேன், பழைய விண்டோஸ் அந்த முறையில் நிறுவப்பட்டிருந்ததால்.

பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கும் வசதியை முழுதாகப் பயன்படுத்தினோம். நிறுவுவதற்கு முன்பே ஒலி, வெப்கேமரா, ஸ்கேனர் எல்லாம் சரி என்று தெரிந்தது. யூஎஸ்பி வைஃபை டாங்கிளை மட்டும் அது அடையாளம் காணவில்லை. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து இணையத்தைப் பகிர்ந்தோம். அதற்கு எந்த டிரைவரும் தேவையில்லை. பிறகு டாங்கிளோடு மல்லுக்கட்டாமல் கூடத்து ரவுட்டரிலிருந்து ஒரு லேன் வயர் இழுத்துவிட்டோம். நிறுவல் அரை மணி நேரத்துக்குள் முடிந்தது; அதில் விவரிக்க ஒன்றுமில்லை. நால்வரில் மூவருக்குத் தனித்தனிக் கணக்கு. சித்தப்பா கணக்கில் பட்டியல்கள் தமிழில், மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில்.

ஒருமுறை பழைய டிஸ்க்கை மாட்டி விண்டோஸைத் திறந்தபோது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தது. பலரையும் பதறவைக்கும் விஷயம் இது. பாட்டரி போய்விட்டது என்று நினைப்பார்கள். மதர்போர்டின் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் படிக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ளதுதான் நம்முடைய ஐந்தரை மணி. லினக்ஸையும் உள்ளூர் நேரத்தில் வைக்கச் சொல்லி ஒரு கட்டளை கொடுத்தால் தீரும்.

அச்சு

வீட்டிலிருந்த கறுப்பு-வெள்ளை லேசர் பிரிண்டர்தான் கடைசியாகப் பணிந்தது. பிரிண்டர்களில் இரண்டு ஜாதி. பக்கத்தை எப்படி வரைவது என்ற அறிவு தனக்குள்ளேயே உள்ளவை ஒன்று. போஸ்ட்ஸ்கிரிப்ட், பிசிஎல் என்ற பக்க மொழிகள் தெரிந்தவையும் நெட்வொர்க் வழி டிரைவர் இல்லாமல் அச்சிடும் புதியவையும் இதில் சேரும். லினக்ஸில் இவை பெரும்பாலும் தொந்தரவில்லாமல் வேலை செய்யும். மற்ற ஜாதி விலை குறைந்தவை: வரைகிற வேலையைக் கணினியே செய்து, புள்ளி புள்ளியாக அனுப்ப வேண்டும், அந்தப் பேச்சுமொழி தயாரித்த நிறுவனத்துக்கே தெரியும். எங்களுடையது இரண்டாவது. நிறுவனம் லினக்ஸுக்கு ஒரு டிரைவர் தந்திருந்தது, மிகப் பழையது. 32-பிட் நூலகங்களைக் கூடுதலாகப் போட்டால்தான் அது அசையும். போட்டோம், அச்சு வந்தது. கணினி முழுதாக எழுந்த பிறகே பிரிண்டரை ஆன் செய்ய வேண்டும் என்ற விதி மட்டும் மிச்சம். அதைச் சீட்டில் எழுதிப் பிரிண்டர் மேல் ஒட்டியிருக்கிறார் சித்தி. மாறப்போகிறவர்கள் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் தங்கள் பிரிண்டர் மாடலின் பெயரோடு லினக்ஸ் என்று தேடிப் பார்த்துவிட வேண்டும்.

வீட்டு அச்சை விடப் பெரிய கேள்வி வெளியில் இருந்தது. மலர் அச்சிடும் பிரஸ்ஸில் எப்போதும், பக்கம் அமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்பைத்தான் கேட்பார்கள். அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அதற்குப் பிறகு புதிய பதிப்பே இல்லை. ஆனாலும் தமிழ் டிடிபி உலகம் அதை விட்டு நகரத் தயங்குகிறது, காரணம் பழைய எழுத்துருக்களோடு அது ஒத்துப்போவதுதான். சித்தப்பாவிடமும் பேஜ்மேக்கரில் அமைத்த மலர்கள் இருந்தன. லிப்ரெஆபிஸ் டிராவில் அவற்றைத் திறக்க முடிந்தது. எழுத்து வந்தது, பத்திகளின் அமைப்பு குலைந்தது. எனவே விண்டோஸில் இருக்கும்போதே ஒவ்வொன்றையும் பிடிஎஃப் ஆக்கி வைத்துக்கொண்டோம். பார்க்கவும் மறுபடி அச்சிடவும் அது போதும்.

புதிய மலர்களை, பக்கம் அமைக்கும் இலவச மென்பொருளான ஸ்கிரைபஸ் 1.6-இல் அமைக்கிறார். பழைய 1.4 பதிப்பில் தமிழை ஒட்டினால் கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம் என்று சிதறும். இப்போது யூனிகோடு தமிழ் ஒழுங்காகவே வருகிறது. நோட்டோ, லோஹித் எழுத்துருக்கள் இலவசம், தாராளமாகப் பயன்படுத்தலாம். விண்டோஸின் லதா எழுத்துருவில் அமைத்த பழைய பக்கத்தை நோட்டோவில் திறந்தால் எழுத்தின் அகலம் மாறி வரிகள் தள்ளிப்போகும். பதினாறு பக்க ஃபாரம் பதினேழாகிவிடும். அதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பிரஸ்ஸுக்கு, டெம்மி 1/8 அளவில், எழுத்துருக்கள் உட்பொதிந்த பிடிஎஃப் கொண்டுபோனார். "சார், பேஜ்மேக்கர் பைல் இல்லையா? கடைசி நேரத்துல ஒரு பேர் விட்டுப்போச்சுன்னா நாங்க எப்படிச் சேர்க்கறது?" என்று கேட்டார்களாம். நியாயமான கேள்வி. நன்கொடையாளர் பட்டியலில் கடைசி நேரப் பெயர் சேராத கும்பாபிஷேக மலர் உண்டா என்ன? திருத்தம் இருந்தால் அன்று மாலைக்குள் புது பிடிஎஃப் அனுப்புவதாகச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தார். அனுப்பவும் செய்தார்.

இப்போதைய நிலை

கணினி வேகமாகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் பெருமையில் பெரும்பங்கு எஸ்எஸ்டிக்கு உரியது. விண்டோஸ் 10-ஐயே அதில் போட்டிருந்தாலும் நல்ல வித்தியாசம் தெரிந்திருக்கும். லினக்ஸின் பங்கு நினைவகத்தில் தெரிகிறது: ஒன்றும் திறக்காதபோது ஏறக்குறைய 1 ஜிபிக்குள் அடங்கிக்கொள்கிறது. உலாவியில் பேத்தி பல தாவல்களைத் திறந்துவைத்தால் 4 ஜிபி ராம் இப்போதும் திணறத்தான் செய்கிறது. இன்னொரு 4 ஜிபி சேர்ப்பதுதான் அடுத்த வேலை.

புதுப்பிப்புகளைச் சித்தியே போடுகிறார். டைம்ஷிஃப்ட் என்ற கருவி வாரம் ஒருமுறை கணினியின் நிலையைப் பதிவு செய்து வைக்கிறது. ஏதாவது கெட்டால் முந்தைய நிலைக்குத் திருப்பலாம். அது இயங்குதளத்துக்கான காப்பு, எழுத்துக்கு அல்ல. எழுத்துக்காக இரண்டு பிரதிகள் வைத்திருக்கிறோம்: வெளி டிஸ்க் ஒன்றில், என் வீட்டில் ஒன்றில்.

அண்ணியின் டேலி மடிக்கணினியில் நன்றாக ஓடுகிறது. பட்டியலின் அடிப்பகுதியில் இருந்த பாமினிக் கோப்புகள், பெரும்பாலும் வாழ்த்து மடல்களும் பள்ளிச் சுற்றறிக்கைகளும், இன்னும் மாற்றப்படவில்லை. அவற்றில் எதை வைத்துக்கொள்வது என்று சித்தப்பா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். சௌந்தரநாயகி பெயர் சரியாக வருகிறதா என்று தேடல் கட்டத்தில் அடித்துப் பார்த்து, எத்தனை கோயில் குறிப்புகளில் அந்தப் பெயர் இருக்கிறது என்பதை இருபது ஆண்டுகளில் முதன்முறையாக ஒரே திரையில் பார்த்தார். அம்மன் பெயர்களை வைத்தே ஒரு தனி அட்டவணை தொகுக்கப்போவதாகச் சொல்லி, அதற்கான கோப்பையும் தொடங்கிவிட்டார்.